தாழ் திறக்கும் நேரம்

ஜெபக்கனி வரும்வரை அந்த வீட்டில் யாரும் அழவில்லை. செவ்வாய்க் கிரகக் குடியேற்றத்தில் அதுதான் முறை. தகனக்கூடத்திலிருந்து வந்த செவ்வந்தியின் சாம்பல் செம்பு மேசைமேல் இருந்தது. உறவினர்கள் சுற்றி உட்கார்ந்து தாழ்திறப்பாளர் ஜெபக்கனிக்காகக் காத்திருந்தார்கள்.

மூளையின் அடியில் சில நரம்புச் செல்கள் துயர ஹார்மோனைச் சுரக்க உத்தரவு போடுகின்றன. பக்கத்துச் செல்கள் அவற்றை அடக்கி வைக்கும். வேண்டும்போது பிடியைத் தளர்த்தும். குடியேற்றத்துக்கு இந்தப் பழைய ஏற்பாடு போதவில்லை. கலங்கியவர்கள் அதிகக் காற்றை இழுத்தார்கள். ஆகவே அந்தப் பிடியைத் தளரவிடாமல் வைக்க எல்லோர் தலைக்குள்ளும் அரிசி அளவில் ஒரு கருவி வைத்தார்கள். அதன் பெயர் தாழ். சாவுக்கு மட்டும் ஒரு மணி நேரம் திறக்கலாம்.

செவ்வந்தியின் கணவன் பரிதியின் தாழைத்தான் ஜெபக்கனி முதலில் திறந்தாள். நிமிர்வதற்குள் செவ்வந்தியின் அக்கா மரகதம், "என் தங்கமே!" என்று சரிந்தாள். தாங்கிப் பிடிக்க ஜெபக்கனி கையிலிருந்த திறப்புக் கருவியைக் கீழே வைத்தாள். சித்தப்பா, அத்தை, எல்லோரும் அழுதார்கள்.

பரிதி செவ்வந்தியின் செருப்பில் அறுந்த வாரைக் கோத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு வரல. இவர் கையிலயா சாம்பலக் குடுக்கறது? எங்க வீட்டுல இருக்கட்டும்," என்றாள் மரகதம்.

சாம்பல் யாருக்கு என்பதை உறவினர்தான் முடிவு செய்வார்கள். பரிதி கேட்டது அது ஒன்றைத்தான்.

"தாழ் சரியாத் திறக்கலயோ?" என்றார் சித்தப்பா.

ஜெபக்கனி கருவியின் திரையைப் பார்த்தாள். "திறந்திருக்குங்க. ஹார்மோன் உச்சத்துல நிக்குது. இதுக்கு மேல கோடு போக இடமில்ல."

"கோட்ட யாரும்மா பாக்கப் போறா? கண்ணத்தான பாப்பாங்க. மாப்ள, நாலு பேர் முன்னாடி ஒரு தடவ அழுதுருங்க," என்றாள் மரகதம்.

"வரல மதினி."

"சோதிச்சுக் கூட்டிட்டு வரேன்," என்று ஜெபக்கனி அவனை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். பையிலிருந்து கண்வறட்சி மருந்தை எடுத்தாள். "அண்ணாந்து பாருங்க தம்பி."

கண்ணுக்கு இரண்டு சொட்டு.

கன்னம் நனைந்து அவன் வெளியே வந்ததும் அத்தை நெஞ்சில் கைவைத்தாள். "ஐயோ, உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டிருந்திருக்கானே!" மரகதமே செம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மறுபடி ஒரு சுற்று அழுகை எழுந்தது.

நேரம் முடிந்தது. உறவினர்களின் தாழ்களை மூட ஜெபக்கனி கருவியை எடுத்தாள். திரையில் பரிதியின் தாழ் மட்டும் திறந்திருந்தது. மற்றவற்றை அவள் திறக்கவே இல்லை.

"சீக்கிரம் மூடும்மா, தாங்க முடியல," என்றாள் மரகதம், தேம்பியபடி.

ஜெபக்கனி அதற்குள் அணைந்துவிட்ட திரையில் ஒருமுறை விரலை வைத்தாள்.

"மூடிட்டேங்க்கா."

மரகதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரசம் இருக்கிறதா என்று கேட்டாள்.