கைக்குட்டைக்கு அடியில் ஒரு வைரச் சுரங்கம்

தொலைபேசி அலறிற்று.

ஜார்ஜ் டவுன் அலுவலகத்தில் தனியே அமர்ந்திருந்த ரூபினி அதனை எடுத்தாள். சுரங்கங்களை மதிப்பிட்டு விலை கூறுவது அவளது தொழில்.

“உன் வீட்டுக்காரர் தயாளன் எங்க கையில இருக்காரு. பத்து காவான் ஊருப் பக்கம்,” என்றது ஒரு முரட்டுக் குரல்.

ரூபினி எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

“அவர்கிட்ட குடுங்க.”

அங்கே தொலைபேசி கைமாறிற்று.

“ரூபி, நான்தான்.”

“அடிச்சாங்களா?”

“இல்லலா. மீ கோரேங் வாங்கிக் குடுத்தாங்க. உன் சமையலவிட...”

“வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்.”

மீண்டும் முரட்டுக் குரல்.

“மூணு மணிக்கு காஜா மொய்தீனோட வைரச் சுரங்கத்துக்கு நீ விலை சொல்லப் போற. கல்லு விலை ஏறிப்போச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அந்த ஏத்தத்த நீ சேக்கக்கூடாது. நாப்பது மில்லியன் வெள்ளியத் தாண்டினா உன் புருஷன் வீடு வந்து சேரமாட்டாரு.”

“குறைஞ்சா பரவாயில்லையா, அண்ணே?”

“குறைஞ்சா ரொம்ப நல்லதுலா.”

இணைப்பு அறுந்தது.

ரூபினி சிந்தித்தாள். விற்பவர் காஜா மொய்தீன். வாங்குபவர் சிவநேசன். அவள் கூறும் விலைக்கே கைமாற்றிக்கொள்வதென இருவரும் ஒப்பியிருந்தனர். விலை குறைந்தால் எவருக்கு இலாபம்?

விடை எளிது. சான்றுதான் இல்லை!

முதலில் இன்ஸ்பெக்டர் ஸுல்கிஃப்லியிடம் பேசினாள். அடுத்துக் காஜா மொய்தீனிடம்.

மூன்று மணி. காஜாவின் கல் கடை. மூலையில் கணக்கரைப் போல் இன்ஸ்பெக்டர் அமர்ந்திருந்தார்.

சிவநேசன் மலர்ந்த முகத்துடன் வந்தார்.

“ரிப்போர்ட்ட குடும்மா, படிப்போம்.”

“பொறுங்க தம்பி,” என்றார் காஜா. “கல்லுக் கடையில விலைய வாயால சொல்றதில்ல. கைக்குட்டைக்கு அடியில விரலப் புடிச்சுத்தான் சொல்லுவோம். ஒரு விரலுக்குப் பத்து மில்லியன்.”

“இந்தக் காலத்துலயுமா, பாய்?”

“எங்க அத்தா காலத்துலயும் இதத்தான் கேட்டாங்க.”

சிவநேசன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கைக்குட்டை விரிந்தது. ரூபினி அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். பின்னர் நான்கு விரல்களைப் பிடித்தாள்.

ஐம்பது... தொண்ணூறு!

சிவநேசனின் முகம் வெளுத்தது.

“தொண்ணூறா? நாப்பதத் தாண்டக்கூடாதுன்னு சொல்லச் சொன்னேனே...”

ரூபினி கைக்குட்டையை மடித்து வைத்தாள்.

“யாருகிட்ட சொல்லச் சொன்னீங்க, அண்ணே?” என்று ரூபினி மெதுவாக வினவினாள். “நாப்பதுங்கற கணக்க காலையில எனக்கு போன் போட்டவன்தான் சொன்னான்.”

கணக்கர் எழுந்தார். அவர் கையில் விலங்கு இருந்தது.

“போன எடுங்க,” என்றாள் ரூபினி. “அவர விடச் சொல்லுங்க.”

சிவநேசன் எண்களை அழுத்தினார். சற்று நேரத்தில் தயாளனே அழைத்தான்.

“ரூபி, என்னை ரோட்டுல இறக்கி விட்டுட்டானுங்க. கிராப் டாக்சி புடிச்சு வந்துடறேன்.”

அப்பொழுதுதான் ரூபினிக்கு மூச்சு வந்தது.

காஜா ஆவலுடன் நெருங்கினார். “அப்ப என் சுரங்கம் தொண்ணூறாம்மா?”

“இல்ல பாய். அது இவருக்கு வச்ச பொறி. ரிப்போர்ட் நேத்தே முடிஞ்சிருச்சு. ஒன்பது மில்லியன்.”

“கல்லு விலை ஏறுதேம்மா...”

“ஏறினது பெரிய கல்லு. உங்க சுரங்கத்துல வர்றது பொடிக்கல்லு. லேப்ல செய்யற வைரம் வந்து அதோட விலைய இறக்கிடுச்சு. தோண்டற செலவு மட்டும் குறையல. கல்லு விலை கொஞ்சம் ஏறினா, செலவு போக மிஞ்சறது ரெட்டிப்பாகும். கொஞ்சம் இறங்கினா அதே வேகத்துல கரையும்.”

காஜா பொத்தென்று நாற்காலியில் சாய்ந்தார்.

விலங்கிட்ட கையோடு சிவநேசன் திரும்பினார். “ஒன்பதா? அப்ப நான் எதுக்கு ஆளக் கடத்தினேன்?”

“சும்மா வீட்டுல இருந்திருந்தா ஒன்பதுக்கே உங்க கைக்கு வந்திருக்கும். கவலப்படாதீங்க, அண்ணே. உள்ள போயி கல்லு உடைங்க... சாப்பாட்டுச் செலவக்கூட அரசாங்கமே பாத்துக்கும்.”