ஒருவருக்கு ஒரு சாவு

அத்திப்பள்ளி எல்லையில் துக்க வழி காலியாகக் கிடந்தது. தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்குள் நுழையும் அந்த இடத்தில், பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக, அந்தப் பாதையில் ஒரு வண்டிகூட இல்லை. காலை ஏழு மணிக்கு, ஓசூரில் தன் வீட்டுத் திரையில் அந்தக் காட்சியைப் பார்த்த நிகிலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் எழுதிய விதி வேலை செய்தது.

சுங்கச்சாவடிகள் ஒழிந்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது எல்லைகளில் நிற்பவை கேள்வி வளைவுகள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கடவுவில்லை என்ற சின்ன அட்டையைப் படித்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, "எதற்காகப் போகிறீர்கள்?" என்று வளைவு கேட்கும். பதிலைப் பொறுத்துக் கட்டணம்; பதிலைப் பொறுத்துப் பாதை. உல்லாசப் பயணம் என்றால் முழுக் கட்டணம், நீண்ட வரிசை. வேலைக்கு என்றால் பாதி. மருத்துவத்துக்கும் துக்கத்துக்கும் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. ஒதுக்கிய பாதையைவிட்டு வேறு பாதையில் வண்டி நகராது. ஓட்டுவதே வண்டிதானே.

மருத்துவ வழிக்கு டாக்டர் சீட்டு வேண்டும். துக்கத்துக்குச் சீட்டு கேட்க எந்த அரசுக்கும் மனம் வரவில்லை. இறந்தவர் பெயரைச் சொன்னால் போதும். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டால் ஒரு சித்தப்பா செத்தார். சினிமாவுக்கு நேரமாகிவிட்டால் ஒரு பெரியம்மா. மாநிலத்துக்கு ஒரு வில்லை இருந்த காலம் அது. கர்நாடகத்தில் செத்த சித்தப்பா கேரள வளைவைப் பொறுத்தவரை திடகாத்திரமாக இருந்தார். அங்கேயும் ஒரு முறை சாகலாம், பிறகு ஆந்திரத்திலும் சாகலாம்.

நான்கு மாநில வில்லைகளையும் ஒன்றாக்க ஒரு கூட்டு ஆணையம் அமைந்தபோது, அதில் வடிவமைப்பாளனாகச் சேர்ந்த நிகிலன் இந்தக் கூத்துக்கு ஒரே வரியில் முடிவு கட்டினான். ஒருவருக்கு ஒரு சாவு. அறிவித்தது அறிவித்ததுதான்; அதன்பிறகு அந்தப் பெயருக்கு உடலைக் கொண்டுபோக ஒரே ஒரு பயணம் மட்டும் மிச்சம். உயிர்ப்பிக்க வழி வைத்தால் உயிர்ப்பித்து உயிர்ப்பித்துச் சாகடிப்பார்கள் என்பதால் அதையும் அடைத்தான். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவனும் அவன்தான். இன்று அதிகாலையில் அது நடைமுறைக்கு வந்திருந்தது. சாகடிக்க யாருக்கும் உறவினர் மிச்சமில்லை.

பத்து மணிக்கு அவன் மனைவி மகிழா அடுத்த தெருவில் இருந்த அப்பா வீட்டிலிருந்து போன் செய்தாள். "ஏங்க, உடனே வண்டிய எடுத்துட்டு வாங்க. அப்பாவுக்கு நெஞ்சு வலி."

அவள் அப்பா முனிரத்தினம், முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பரிசோதித்த டாக்டர் அம்மா நேராகவே பேசினார். "அடைப்பு இருக்கு. இங்க எங்களால முடியாது. பெங்களூருக்குச் சொல்லிட்டேன், தயாரா இருப்பாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடணும். ஆம்புலன்ஸ் வர நாப்பது நிமிஷமாகும், காத்திருக்காதீங்க." கையோடு சீட்டும் கொடுத்தார்.

நிகிலன் பதறவில்லை. டாக்டர் சீட்டு இருக்கிறது, மருத்துவ வழி இருக்கிறது. எல்லை வரை பதினைந்து நிமிடம், அங்கிருந்து அரை மணி. இந்த வளைவுகளை அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"எதற்காகப் போகிறீர்கள்?"

"மருத்துவம். நோயாளி முனிரத்தினம். சீட்ட அனுப்பிட்டேன்."

"மருத்துவ வழிக்கு அனுமதி இல்லை," என்றது வளைவு, அவனே தேர்ந்தெடுத்த கனிவான குரலில். "முனிரத்தினம் சென்ற ஆண்டு மார்ச் மூன்றாம் தேதி காலமாகிவிட்டார். காலமானவருக்கு மருத்துவ அவசரம் பொருந்தாது."

மகிழா திரும்பி அவனைப் பார்த்தாள். நிகிலனுக்கு மார்ச் மூன்றாம் தேதி நினைவுக்கு வந்தது. காலை ஒன்பதரை, மேலதிகாரி முன்னால் செயல்விளக்கம், வேலை வழியில் மூன்று கிலோமீட்டர் வரிசை. அதை அவன் பொய் என்று நினைத்ததே இல்லை. பொய் சொன்னவர்கள் மற்றவர்கள். அவன் செய்தது அலுவலகத்துக்கு நேரத்தோடு போக ஓர் ஏற்பாடு.

"எங்கப்பாவ எத்தன தடவ கொன்னீங்க?"

"மூணு தடவ, மூணு மாநிலத்துல," என்றான். அவமானத்தில் காது சுட்டது. "அது முதல் தடவைய மட்டும்தான் எடுத்துக்கும்."

"பெருந்தன்மதான்."

அவன் வளைவோடு மன்றாடினான். பதிவு தவறு என்றான். திருத்த மனு எந்த வகையில் என்று கேட்டது. உயிர்ப்பித்தல் என்றான். அப்படியொரு வகை இல்லை என்றது. இல்லை என்பது அவனுக்கே தெரியும். ஆணையத்தில் தன் அணியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டான். விதியை மாற்ற நான்கு மாநிலங்களின் கையெழுத்து வேண்டும் என்று அவன் எழுதிக் கொடுத்ததை அவனுக்கே நினைவுபடுத்தினார்கள். பத்து நிமிடம் போயிற்று. பின்னிருக்கையில் முனிரத்தினத்தின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"மாப்ள," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "அந்தச் சாவு வண்டி போற வழி காலியா இருக்கா?"

"காலியாத்தான் இருக்கு மாமா."

"அப்ப எதுக்கு இந்த மிஷினுகிட்ட தொங்கிக்கிட்டு இருக்கீங்க? அதுல விடுங்க."

"அப்பா!" என்றாள் மகிழா.

"செத்தவன்னு அதுவே சொல்லுது. நான் என்ன புதுசா பொய் சொல்லப் போறேன்? முப்பது வருஷத்துல ஒருத்தன டிக்கெட் இல்லாம ஏத்துனதில்ல. இந்த வண்டியில என்கிட்ட இருக்கிற டிக்கெட் அதுதான், மாப்ள. கிழிங்க."

அவர் பேசியது எதையும் வளைவு பொருட்படுத்தவில்லை. இறந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் வேலை அதற்குத் தரப்படவில்லை. நிகிலன் வளைவின் பக்கம் திரும்பினான். "துக்கம். முனிரத்தினத்தோட உடல எடுத்துட்டுப் போறோம்."

"ஆழ்ந்த இரங்கல்கள்," என்றது வளைவு. நான்கு நொடியில் பாதை திறந்தது. வெறிச்சோடிய துக்க வழியில் வண்டி பறந்தது. டாக்டர் கொடுத்த ஒரு மணி நேரத்தில் மூன்று நிமிடம் மிச்சமிருக்க முனிரத்தினம் அறுவை மேசையில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். அன்று மாலை நடைவழியில் நின்று நிகிலன் வாய்விட்டு அழுதான். மகிழா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து வீடு திரும்பும்போது அதே எல்லை, எதிர்ப்பக்க வளைவு.

"முனிரத்தினத்தின் இறுதிப் பயணம் முடிந்துவிட்டது," என்றது அது. "முடிந்தவர்கள் திரும்புவதற்குப் பாதை இல்லை. இவரோடு வண்டி நகராது."

முனிரத்தினம் சற்று யோசித்தார். பிறகு கதவைத் திறந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"எங்கப்பா போறீங்க?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரும்மா."

வளைவின் ஓரத்தில் நடைபாதை இருந்தது. நடந்து போகிறவர்களை வளைவு கேட்பதில்லை. அவர்களைப் பற்றி வடிவமைப்பில் நிகிலன் நினைக்கவே இல்லை. முனிரத்தினம் நிதானமாக நடந்து மாநிலத்தைத் தாண்டினார். அந்தப்பக்கம் புறப்படத் தயாராக நின்ற ஓசூர் டவுன் பஸ்ஸின் படியில், பழைய பழக்கத்தில், கம்பியைத் தட்டிவிட்டு ஏறினார்.

வளைவு மறுபடியும் கேட்டது: "எதற்காகப் போகிறீர்கள்?"

இனி அந்த இயந்திரத்திடம் பொய் சொல்வதில்லை என்று பத்து நாளாக நிகிலன் தீர்மானித்து வைத்திருந்தான். பதில் சொல்வதற்குள் மகிழாவின் போன் அடித்தது. "பஸ்ஸு கெளம்பிடுச்சும்மா," என்றார் முனிரத்தினம். "உக்கார எடம் கெடச்சிருச்சு. மாப்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வா. நான் போயி காபி போட்டு வைக்கிறேன்."

"மாமனார் வீட்டுக்கு," என்றான் நிகிலன். "காபி சாப்பிட."

"உல்லாசம்," என்றது வளைவு. "முழுக் கட்டணம். காத்திருப்பு இரண்டு மணி இருபது நிமிடம்."