கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறவள்

ஜாபர் அந்த வீட்டில் கடைசியாகச் செய்த காரியம், ஒரு செண்டு பாட்டிலின் தலையை ஒருமுறை அழுத்தியதுதான்.

2005 ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. அஸ்தினாபுரத்து மாடி வீட்டில் அஜீசா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஜாபர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முந்தின நாள் கடைக்கு வந்த சரக்கிலிருந்து எடுத்துவந்த ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். தாம்பரம் மார்க்கெட்டில் அவனுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. வளையலும் ரிப்பனும் எல்லோரும்தான் விற்றார்கள். செண்டு விற்பதில் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடைப்படி ஏறுகிற பெண்ணின் நடையை, பேச்சை, கைப்பையை அவள் மேஜைமேல் வைக்கிற விதத்தை ஒரு பார்வை பார்ப்பான். பிறகு ஒரே ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைப்பான். பெரும்பாலும் அதையேதான் வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு செண்டுக்கும் ஓர் ஆள் உண்டு என்பது அவன் கட்சி.

அன்று கையில் இருந்தது வெளிர் ரோஸ் நிறத் தண்ணீர் நிரம்பிய குட்டி பாட்டில். கழுத்தில் துணியால் செய்த ரோஜா.

"இது யாருன்னு சொல்லட்டா, அஜீ?"

"நேரமாச்சு மச்சான், சீக்கிரம் சொல்லுங்க."

அவள் மணிக்கட்டை இழுத்து ஒருமுறை அடித்தான். கண்ணை மூடி முகர்ந்தான். "இவ மெதுவா பேசுவா. கதவைச் சத்தமில்லாம சாத்துவா. சிரிச்சா பல்லு தெரியாது. யாரு எது சொன்னாலும் சரின்னுவா."

"அப்ப அவளையே கட்டியிருக்கலாமே!"

"கேட்டுப் பார்த்தேன். அதுக்கும் சரின்னா. எனக்குத்தான் போரடிச்சிடும்போல இருந்துச்சு."

அஜீசா தொண்டை தெரியச் சிரித்தாள். ஏற்றுமதி கம்பெனியில் இருநூறு தையல் மெஷின்களுக்கு நடுவே பதினோரு வருஷம் கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது. செக்கிங் செக்ஷனில் அவள்தான் மூத்தவள். சட்டையில் எங்கே தையல் விட்டிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பியனுப்புகிறவள். வெள்ளைத் துணியில் வாசனை ஏறிவிடும் என்று பாத்திரம் தேய்க்கிற சோப்பால் மணிக்கட்டைக் கழுவினாள்.

"உனக்கு ஒத்துவரலை," என்றான் ஜாபர். "போகட்டும். அவ பாட்டுக்கு பாட்டில்லயே இருக்கட்டும்." பாட்டிலை அலமாரியில் வைத்தான்.

கூடத்துக்குப் போகிற அறைக் கதவு, சட்டம் முறுக்கிக்கொண்டது. ஓங்கி அறைந்தால்தான் சாத்தும். அஜீசா ஓங்கி அறைந்துவிட்டுப் படியிறங்கினாள். பத்தரை மணிக்குக் குரோம்பேட்டையில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டு ஜாபர் மவுத்தானான்.

அன்றிலிருந்து அவளுக்கு இத்தா. நான்கு மாதம் பத்து நாள். வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது. வெள்ளைப் புடவை. நகை இல்லை, கண்ணுக்குச் சுர்மா இல்லை, வாசனை கூடாது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவனுக்காக இருக்க வேண்டிய நாட்கள் அவை. ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஒரே ஒரு குறை, அவளுக்கு மெதுவாக அழத் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. தெருவுக்கே கேட்டது.

"சத்தத்தைக் குறைம்மா," என்பாள் மாமி, சேலைத் தலைப்பால் தன் வாயை அடைத்துக்கொண்டு. "நீ அழறதைக் கேட்டா எனக்கு ஈரக்குலை நடுங்குது. எனக்கும் அவன் பிள்ளைதானே?"

ஜாபரின் தங்கை மாஹிரா, நாவலூரில் வாழ்க்கைப்பட்டவள், தாய்க்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள். பத்தொன்பதாம் நாள் அஜீசாவின் அறைக்குள் டீ கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"மதினி, செண்டு போட்டிருக்கீங்களா?"

அஜீசாவுக்கும் அப்போதுதான் மூக்கில் ஏறியது. மல்லிகை மாதிரி ஆரம்பித்து, பன்னீரில் ஊறிய ரோஜாவாகி, கடைசியில் நாக்கின் அடியில் சர்க்கரைப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு போகாத வாசனை. ஜன்னல் திரையில் இல்லை, தலையணையில் இல்லை. அறையின் நடுவில், ஓர் ஆள் நிற்கிற உயரத்தில் இருந்தது.

"நான் ஏன் போடறேன்?"

"வாசம் அடிக்குதே."

"எனக்கும்தான் அடிக்குது!"

மாமி எழுந்து வந்தாள். பிள்ளை செத்த மூன்றாம் வாரத்தில் மருமகள் மணக்கிறாளா என்று பார்க்கிற பார்வை மட்டும். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்தது அஜீசாவுக்கு. அலமாரியைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தாள். கைப்பையில் வேலைக்கு வைத்திருந்த ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஓர் அம்புக்குறியைக் கிழித்து, தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றதோ அந்த மட்டத்தில் அதன் முனை தொடும்படி ஒட்டினாள்.

"அவரு ஒரே ஒருவாட்டி அடிச்சதுதான் குறைஞ்சிருக்கு. இதுக்குமேல ஒரு சொட்டு குறைஞ்சா என்னைக் கேளுங்க."

குறையவில்லை. தினமும் காலையில் பார்த்தாள். அம்பு முனையில் தண்ணீர் அசையாமல் நின்றது. வாசனை மட்டும் வளர்ந்தது.

முதலில் அவள் அறையில். பிறகு கூடத்தில். சாயங்காலத் தொழுகைக்கு விரிப்பை உதறினால் அதில். சாம்பார் கொதிக்கிற அடுப்படியில் பெருங்காயத்தையும் மீறிக்கொண்டு. ஒருநாள் மதியம் அவள் படுத்திருந்தபோது, கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலிருந்த கதவு, அறைந்தால் தவிர சாத்தாத அந்தக் கதவு, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலச் சாத்திக்கொண்டது. ஒரு கிறீச் இல்லை. தாழ்ப்பாள் கூடப் பதமாக விழுந்தது. எழுந்து போய்த் திறந்தாள். தோளால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது.

இரண்டாம் மாதத்தில் செண்டைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. அதுதான் அவளுக்கு முதல் பயம்.

"நேத்து கால் பிடிச்சு விட்டியே," என்றாள் மாமி, சோறு பரிமாறும்போது. எத்தனையோ நாளுக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது. "நல்லா தூங்கினேன்மா. உன் கை இவ்வளவு மெத்துனு இருக்கும்னு தெரியாது."

அஜீசா தன் கைகளைப் பார்த்தாள். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல். நேற்று முழுக்க அவள் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

"நான் பிடிக்கலை, மாமி."

மாமி சிரித்தாள், ஏதோ செல்லமாகச் சொன்னதைக் கேட்டதுபோல.

பக்கத்துப் போர்ஷன் செல்வமேரி டீச்சர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பால்கனிக் கம்பி வழியாக நலம் விசாரிப்பாள். சர்ச்சுக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவள். அஜீசாவுக்கு ஏற்ற ஜோடி.

"என்ன அஜீசா, சாயங்காலமானா ஜன்னல்ல வந்து நிக்கறே? நான் கைகாட்டினா பதிலுக்குச் சிரிக்கறே, அதோட சரி. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"எந்த ஜன்னல், டீச்சர்?"

"முன்பக்கம்தான். நல்லாத்தான் சிரிக்கறே, ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா கண்ணே சிமிட்டலையேடி நீ. நான் செருப்பைக் கழட்டி, பூட்டைத் திறந்து, உள்ளே போறவரைக்கும் அப்படியே நின்னே. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு."

முன்பக்கத்து ஜன்னலுக்கு அஜீசா போவதேயில்லை. தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்தது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். சாக்கடையும் சேறும் நாறின ஊரில் அந்த ஒரு வீடு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி மணத்தது. இத்தா முடிய நான்கு வாரம் இருந்தது. வேலையை அவளுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்த கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"மேடம், நீங்கதானே போன வாரம் போன் பண்ணி இனிமே வரலைன்னீங்க? உங்க குரலான்னே சந்தேகமா இருந்துச்சு. அவ்வளவு சாஃப்டா பேசினீங்க."

ரிசீவரை வைத்துவிட்டு நின்றாள். ரிசீவரின் வாய்ப்பக்கத்துத் துளைகளிலிருந்து மல்லிகை வந்தது. பிறகு ரோஜா. பிறகு பாகு.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. மறுபடி எண்களைச் சுழற்றினாள்.

"சார், அது நான் இல்லை. நான் வரேன். எழுதி வச்சுக்கோங்க, அஜீசா வரேன்னு சொன்னாள்னு. இனிமே எவளாவது மெதுவா பேசினா, போனை வச்சிடுங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் வேண்டுமென்றே சத்தம் போட்டாள். பாத்திரத்தை இடித்து வைத்தாள். ஜாபரின் பேரைச் சொல்லி, அவன் சொன்ன கிண்டல்களைச் சொல்லி, உரக்க அழுதாள். வாசனை ஒரு மூலையில் ஒதுங்கிக் காத்திருந்தது. கோபப்படவில்லை. அதற்குக் கோபமே வரவில்லை.

கடைசி நாள். விடிந்தால் உறவுக்காரப் பெண்கள் வந்து அவளைக் குளிக்கவைத்து, வேறு புடவை கொடுத்து, வெளியே அழைத்து வருவார்கள். மூன்று மணியிலிருந்து மழை விடாமல் கொட்டியது. சாயங்காலம் மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அறைக்குள் அவள் தொழுது முடித்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓட்டைப் பீப்பாயில் விழுவதுபோல் தகரக் கூரையில் மழை, அதற்குக் கீழே தவளைச் சத்தம், அதற்கும் கீழே, கூடத்திலிருந்து, மெழுகுவர்த்தி வெளிச்சம் அசைகிற அளவுக்கே அசைகிற பேச்சுச் சத்தம்.

மாமியின் குரல். மாஹிராவின் குரல். மூன்றாவதாக ஒன்று.

"வேலைக்கெல்லாம் எதுக்கும்மா இனிமே? எங்ககூடவே இரு."

"சரி, மாமி."

"அண்ணன் துணியெல்லாம் எடுத்துக் கொடுத்துடலாமா, மதினி?"

"சரி."

மழை கொஞ்சம் விட்டுப் பிடித்தது. மாமி தயங்கிச் சொன்னாள். "அவன் போட்டோவையும் எடுத்துடலாம்னு பார்க்கறேன். பார்த்தா அழுகை வருது. நீ பக்கத்துல இருந்தா அழுகையே வர மாட்டேங்குது எனக்கு. மறந்துடலாம், என்ன?"

"சரி, மாமி. மறந்துடலாம்."

அஜீசா எழுந்தாள். இருட்டில் அலமாரியைத் தடவினாள். பாட்டில் கையில் சில்லென்று வந்தது. உடைத்துவிடலாம். தரையில் ஓங்கி ஒரே அடி. கையை உயர்த்தினாள். அப்போது அவளுக்குப் புரிந்தது: உடைத்தால் அவ்வளவும் வெளியே வந்துவிடும். அதோடு, ஜாபர் கடைசியாகத் தொட்டது இது. அவள் இத்தாவை ஒழுங்காகக் காத்தாள் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சியும் இதுதான்.

உடைக்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் தோளால் முட்டினாள். திறந்தது.

மெழுகுவர்த்தி. மாமி நாற்காலியில். மாஹிரா பாயில். மாமியின் காலடியில், முதுகு காட்டி, வெள்ளைப் புடவையில் ஒருத்தி. மாமியின் பாதம் அவள் மடியில். கைகள் அமுக்கிக்கொண்டிருந்தன. மெதுவாக. மெத்தென்று.

"மாட்டேன்!" என்றாள் அஜீசா. இருநூறு மெஷின்களுக்கு மேலே எழும்பிய தொண்டையால். "அவரை மறக்க மாட்டேன். நான் வேலைக்குப் போவேன். எதுக்கும் சரின்னு சொல்ல மாட்டேன். எந்திரிடி!"

மாஹிரா பாயோடு பின்னால் நகர்ந்தாள். மாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். நேராக அஜீசாவின் முகத்தை.

பிறகு குனிந்து, காலடியில் இருந்தவளின் தோளைப் பற்றினாள்.

"அஜீசா," என்றாள் அவளிடம். "யாரும்மா அது?"

அவள் திரும்பினாள்.

அஜீசாவின் நெற்றி. அஜீசாவின் மூக்கு. புருவத்தில் சின்ன வயதுத் தழும்புகூட. எல்லாம் கொஞ்சம் நேர்த்தியாக, சரிசெய்து வைத்ததுபோல. சிரித்தாள். பல் தெரியவில்லை. கண் சிமிட்டவில்லை.

"யாருமில்லை, மாமி. காத்து."

எழுந்தாள். காலடிச் சத்தம் இல்லை. கதவை நோக்கி வந்தாள். வாசனை முன்னால் வந்தது. கதவு நகர்ந்தது.

ஒரு கிறீச் இல்லை.

அஜீசா தன் வலது பாதத்தை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்தாள்.

கதவு பாதத்தில் வந்து நின்றது. அழுத்தியது. அவசரமில்லாமல், கோபமில்லாமல், ஒரு குழந்தையைத் தூங்கவைக்கிற பதத்தில். விடாமல். இடுக்கில் பாதிச் சிரிப்பு. அதற்குப் பின்னால், மாமி சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றுகிற சத்தம்.

"ஜாபர்!" என்று கத்தினாள் அஜீசா. "ஜாபர்! ஜாபர்!"

எலும்பு நெரிந்தது. பாதத்தை எடுக்கவில்லை.

இடுக்கு வழியே விழுந்த மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். சிவப்பு அம்புக்குறியின் முனையில், ஒரு நூல்கூட இறங்காமல், நின்றது தண்ணீர்.