டேப் ஒட்டாத அறை

அந்தக் கப்பலில் இரண்டாவது முறை ஏறிய காலையில் எனக்கு ஒரு பயமும் இல்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு ஏணிப்பாலம் ஏறினேன், அடையாள அட்டையைக் காட்டினேன், லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு இறங்கி மருத்துவ அறையைத் திறந்தேன். எல்லாம் போன வருடம் விட்டுப்போன இடத்திலேயே இருந்தன. மூன்று கட்டில், ஒரு மருந்து அலமாரி, தள்ளுவண்டி, மேசைமேல் அந்த வெள்ளை ஃபோன். கீழ்த்தளத்து நாற்பது அறைகளுக்கும் அந்த ஃபோனில் அறைக்கு ஒன்றாகச் சின்ன விளக்குகள் உண்டு. யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் அறை விளக்கு மினுக்கும். கடைசி அறையின் விளக்கைச் சுற்றிப் பழைய பசை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை, விட்டுவிட்டேன்.

நான் நர்ஸ். பதினாறு வருடமாக இதே வேலை. உல்லாசக் கப்பல் என்றால் ஊரில் எல்லோருக்கும் கண் விரியும். எனக்கு ஞாபகம் வருவது வாந்தி வாளிதான். இரண்டாயிரம் பேர் ஒரே கரண்டியைத் தொட்டு, ஒரே கைப்பிடியைப் பிடித்து நடக்கிற இடத்தில் ஒருவருக்கு வயிறு கலங்கினால் மூன்றாம் நாள் நூறு பேருக்குக் கலங்கும். அப்புறம் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. சாப்பாட்டு அறையில் கரண்டிகளைப் பிடுங்கிவிடுவோம். உப்புக் குடுவைகூட மேசையில் இருக்காது. கைப்பிடிகளை மணிக்கொரு தரம் பிளீச்சிங் தண்ணீரால் துடைப்பார்கள்.

நோயாளி இருக்கும் அறைக் கதவில் குறுக்காக ஒரு முழம் சிவப்பு டேப் ஒட்டுவோம். டேப் ஒட்டிய கதவில் நுழைவோம், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்போம், நாடி பார்ப்போம், அடுத்த டேப்புக்குப் போவோம். பட்டியல் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை நின்று படிக்க யாருக்கு நேரம்? கண் சிவப்பைத் தேடும், கால் போகும். டேப் இல்லாத கதவை நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன வருடம் டேப் ஒட்டும் வேலை ஒரு துப்புரவுப் பெண்ணுடையது. டேப் சுருளை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிவாள். அதனால் கப்பல் முழுக்க அவளுக்கு வளையல் என்றே பெயர். டேப்பைச் சர்ரென்று இழுத்துப் பல்லால் கடிப்பாள். அதற்கு அவளை நூறு தரம் திட்டியிருக்கிறேன். ஒட்டியபின் ஒரு முனையை மட்டும் சின்னதாக மடித்துவிடுவாள், பிரிக்கும்போது நகத்தால் தேட வேண்டாம் என்று. நோயாளி எழுந்துவிட்டால் டேப்பைப் பிரித்து, நாலாக மடித்து, மேலங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். கதவை இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு. "நான்தான்" என்பாள். அவள் தட்டலை வேறு யாருடையது என்றும் நினைக்க முடியாது.

நூற்றுப் பதினாலு பேர் படுத்திருந்த அந்தப் பயணத்தின் நாலாம் நாள் அவளுக்கும் வந்துவிட்டது. நானே தாங்கிக்கொண்டு போய்க் கடைசி அறையில் படுக்க வைத்தேன். டேப் ஒட்டத் திரும்பினால் வாசலில் கப்பல் மேனேஜர் நிற்கிறார். பக்கத்தில் டாக்டர்.

"டேப் வேண்டாம் சிஸ்டர்," என்றார் மேனேஜர். "நாளைக்குத் துறைமுகத்துல சுகாதார ஆளுங்க ஏறுவாங்க. பயணிங்களுக்கு வந்ததைச் சொல்லிச் சமாளிச்சிடலாம். துப்புரவு ஆளுக்கே வந்திருக்குன்னு தெரிஞ்சா ஒருத்தரையும் கரையில இறங்க விடமாட்டாங்க. ரெண்டாயிரம் பேர் என் கழுத்தைப் பிடிப்பாங்க."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார். "சின்ன வயசுதானே, ரெண்டு நாள்ல எழுந்துடுவா. பதிவேட்டுலயும் ஏத்த வேண்டாம்."

படுத்தபடி அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மணிக்கட்டுச் சுருளை மெதுவாகக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"டேப் இல்லேன்னா யார் வருவாங்க, அக்கா?"

"நான் வர்றேன். மத்தியானம் வந்து ட்ரிப் ஏத்தறேன். படு."

நான் போகவில்லை.

மறுநாள் காலை அழுக்குத் துணி எடுக்கப் போன பெண் அவளைக் கண்டாள். கட்டிலில் இல்லை. கதவுக்கு உட்புறம், கைப்பிடிக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். பயணிகள் அந்நேரம் கரையில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதயக் கோளாறு என்று டாக்டர் எழுதினார். அவள் அறை ஃபோன் பழுது, அதனால் எங்களைக் கூப்பிட முடியவில்லை என்று நான் சொன்னேன். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. ஒரு வருடம் ஓடிப்போனது.

இப்போது மறுபடி அதே கப்பல், அதே மேனேஜர், அதே டாக்டர். மூன்றாம் நாள் எண்பது பேர் விழுந்தார்கள். நாலாம் நாள் காலை மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அவரைக் கீழ்த்தளத்தில் அவர் அறையிலேயே படுக்க வைத்து, கதவில் என் கையாலேயே டேப் ஒட்டினேன். கீழ்த்தளம் கடல் மட்டத்துக்கு அடியில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. நடையில் குழல்விளக்கு அணைவதே இல்லை. காலை பத்து மணிக்கு நல்ல வெளிச்சத்தில், நாலு நர்ஸ்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், தள்ளுவண்டியோடு அந்த வழியாகப் போனேன். பிளீச்சிங் வாடை குப்பென்று அடித்தது. தரையைப் பார்த்தேன். யாரும் துடைத்திருக்கவில்லை. தரை உலர்ந்து கிடந்தது.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சர்ர்ர்.

திரும்பினேன். நடையில் ஒருவரும் இல்லை. யாரோ எங்கேயோ டேப் பிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மேற்கொண்டு நடந்தேன். எண்பது பேருக்குக் கரைசல் கலக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் கேட்டார். "மேனேஜர் எப்படி இருக்கார்?"

நான் போகவே இல்லை. மற்ற மூன்று நர்ஸ்களையும் கேட்டேன். யாரும் போகவில்லை.

ஓடினேன். நான் ஒட்டிய டேப் இல்லாமல் அவர் கதவு வெறுமையாக இருந்தது. கதவைத் தள்ளினால் பாதிக்கு மேல் திறக்கவில்லை, உள்ளே கைப்பிடிக்குக் கீழே மேனேஜர் கிடந்தார். கண் உள்ளே போயிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகப் பேசினார்.

"தட்டினேன்... கத்தினேன்... நீ வாசல்லயேதான் நின்ன."

"நான் இப்பதான் வர்றேன் சார்."

"இல்ல. நின்ன. உன் பக்கத்துல... அவளும் நின்னா."

இருட்டும் முன்னே போய்விட்டார். மூடிய அவர் கையைப் பிரித்தேன். உள்ளே ஒரு முழம் சிவப்பு டேப், நாலாக மடித்து இருந்தது.

டாக்டர் அதைப் பார்த்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருக்கு முதல் வாந்தி வந்தது. அவ்வளவு படித்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. அன்றைக்கு அந்தக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தவர் இவர்தானே.

"கதவைத் திறந்தே வை சிஸ்டர். நீ இங்கயே உட்காரு. எங்கயும் போகாத."

கதவுக்கு முட்டாக நாற்காலி வைத்தேன். கதவில் மூன்று டேப் ஒட்டினேன். ட்ரிப் ஏற்றிவிட்டுக் கண்கொட்டாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்குப் பாட்டில் தீர்ந்தது. மருத்துவ அறை எட்டடி தூரம்தான்.

"ரெண்டு நிமிஷம் டாக்டர்."

அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தேன்.

பிளீச்சிங் வாடை மூக்கை அரித்தது.

நடை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் கதவுகள். எதிலும் டேப் இல்லை. என் கண் சிவப்பைத் தேடியது. சிவப்பு இல்லை. என் கால் நிற்கவில்லை.

"சிஸ்டர்," என்று டாக்டர் கூப்பிட்டது கேட்டது. கிட்டத்தில்தான். எந்தக் கதவு என்று தெரியவில்லை. கடைசி அறைவரை போனேன், திரும்பினேன். மறுபடி "சிஸ்டர்." குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. மறுபடி நடந்தேன். பாட்டில் கையில் கனத்தது. எனக்குப் பின்னால், என் நடைக்குச் சரியாக, ரப்பர் செருப்பின் கீச்சொலி வந்தது. துப்புரவு ஆட்கள் போடும் செருப்பு. நான் நின்றால் அதுவும் நின்றது.

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியில் எப்படியோ மருத்துவ அறைக்குள் வந்து விழுந்தேன். மேசைமேல் ஃபோன் மணி அடிக்கவில்லை. ஆனால் கடைசி அறை விளக்கு, அந்தப் பசைக்கு நடுவே, மினுக்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"யார் வருவாங்க, அக்கா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி.

டாக்டரை மற்றவர்கள் கண்டுபிடித்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது. முட்டாக நாற்காலியும் அப்படியே இருந்தது. நடையில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திறந்த கதவைத் தாண்டி ஐந்து மணி நேரமாக நான் போகிறேன், வருகிறேன். உள்ளேயிருந்து ஒரு கை நீள்கிறது. நான் பார்க்கவில்லை.

அடுத்தது நான் என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சாயங்காலமே பதிவேட்டைத் திறந்து போன வருடத்துப் பக்கத்தில் எழுதினேன். துப்புரவுப் பெண்ணுக்கு வந்தது வயிற்றுநோய், டேப் ஒட்ட வேண்டாம் என்றது மேனேஜர், பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்றது டாக்டர். கரையில் நடந்த விசாரணையிலும் அதையே சொன்னேன். தைரியமான பெண் என்று சிலர் முதுகில் தட்டினார்கள். வளையலின் அம்மா வந்திருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். சும்மா நின்றேன்.

கப்பல் வேலையை விட்டுவிட்டுத் தங்கை வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். பக்கத்து மருத்துவமனையில் வேலை. என் அறைக் கதவில் வெளிப்பக்கமாக ஒரு முழம் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். தங்கை கிண்டல் செய்வாள். "வாடகைக்கு விடறியா, இல்ல திறப்பு விழாவா?" என்பாள். பழக்க தோஷம் என்று மழுப்பிவிடுவேன். ஒரு வருடம் சர்ரென்ற சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. வளையல் என்னை விட்டுவிட்டாள் என்றே நம்பினேன்.

இன்று விடிந்ததிலிருந்து நாலு தரம் வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சதுரம் இருக்கிறது. நாலாக மடித்திருக்கிறது.

கத்திப் பார்த்தேன். தங்கைக்கு ஃபோன் போட்டேன். கூடத்தில் அவள் ஃபோன் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. அவள் எடுக்கவில்லை. என் கதவைத் தாண்டி இரண்டு முறை போனாள். புருஷனிடம் சொல்வதும் கேட்டது: "அக்கா வேலைக்குக் கிளம்பியாச்சுபோல. உள்ள சத்தமே இல்லை."

அதனால் எழுதுகிறேன். விசாரணையில் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன்.

அவள் அறை ஃபோன் பழுதில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு அதிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. விடிந்ததிலிருந்து அப்போதுதான் முதல் வாய் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் போகலாம் என்று மணிச் சத்தத்தைக் குறைத்தேன். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அது கண்ணை உறுத்தியது. பக்கத்தில் அவள் கொடுத்த சுருள் இருந்தது. ஒரு விரல் நீளம் கிழித்து விளக்கின்மேல் ஒட்டினேன். அப்புறம் சாப்பிட்டேன். அப்புறம் மேல்தளத்தில் கூப்பிட்டார்கள், போனேன். அப்புறம் மறந்தேன். மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு போனபின் டேப்பைப் பிரித்தேன். அதற்குள் பசை பிடித்துவிட்டிருந்தது. அந்தக் கப்பலில் அவளுக்காக ஒட்டிய டேப் அது ஒன்றுதான்.

தப்பு மேனேஜருடையது இல்லை, டாக்டருடையது இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கூப்பிட்டது என்னை.

எழுதிவிட்டேன். இதற்குமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. தாகம் தாங்கவில்லை. தரையோடு தரையாக ஊர்ந்து கதவுவரை வந்துவிட்டேன், கைப்பிடி எட்டவில்லை. பிளீச்சிங் வாடை அறை முழுக்க நிறைந்திருக்கிறது. வெளியே தங்கை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது.

இப்போது கதவில் தட்டுகிறார்கள். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

தட்டுவது கதவின் இந்தப் பக்கம்.