கூச்சமானி

மெனு அட்டையில் கலர் சோடாவுக்கு நேரே விலை போட்டிருக்கவில்லை. இட்லிக்கும் இல்லை, காப்பிக்கும் இல்லை. கோயமுத்தூரில் எந்த ஓட்டல் அட்டையிலும் விலை அச்சாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆளுக்கு ஆள் மாறுகிற விலையை எப்படி அச்சடிப்பது?

அப்படி மாறச் செய்த ஆளே வெள்ளியங்கிரிதான். இன்று அவர் தன் மகள் தாரகையோடு, அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில், வரப்போகிற சம்பந்தி வீட்டாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தாயில்லாத பெண். கூட வேலை பார்க்கிற நந்தனைத்தான் கட்டுவேன் என்று மூன்று வருஷமாகக் காத்திருக்கிறாள். "அவங்க ஒண்ணும் கேட்கமாட்டாங்கப்பா" என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். இந்தப் பேச்சு முறிந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் மனசில் இருந்தது.

"கலர் கொண்டு வரட்டுங்களா?" என்றான் பரிமாறுகிறவன்.

"எல்லாருக்கும் கொண்டாப்பா" என்றார் வெள்ளியங்கிரி. என்ன விலை என்று கேட்கவில்லை. சம்பந்தி முன்னால் கலருக்கு விலை கேட்கிற மனுஷன் உண்டா?

கலர் வந்தது. பாட்டிலில் போட்டிருக்கிற விலையை யாராவது படித்துத் தொலைத்துவிடுவார்களோ என்று அடுக்களையிலேயே டம்ளரில் ஊற்றி, எலுமிச்சைத் துண்டைச் செருகிக் கொண்டுவந்து வைத்தார்கள். மேசை நடுவே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குள்ளேதான் அவருடைய கூச்சமானி இருந்தது. காது மடலின் சூடு, தொண்டை விழுங்குகிற விதம், பேச வாயெடுத்து நிறுத்துகிற இடைவெளி ஆகியவற்றை எல்லாம் பார்த்து, ஒருவன் எவ்வளவு கூசுகிறான் என்று சொல்லிவிடும் கருவி. எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லக் கூசுகிற குழந்தைகளுக்காகத்தான் அதைச் செய்தார். ஒரு நாள் ஓட்டல்காரர் ஒருவர் வந்து, "ஏனுங்க, இது கஸ்டமருக்கும் வேலை செய்யுங்களா?" என்று கேட்டார். நன்றாகவே வேலை செய்தது. கூச்சம் ஏற ஏற விலையும் ஏறியது.

தனியாக வந்த லாரி டிரைவர், "கலர் எவ்வளவுப்பா?" என்று கேட்டால் கடை விலை. புதுப் பெண்டாட்டியோடு வந்தவனுக்கு மூன்று மடங்கு. மேலதிகாரியைக் கூட்டி வந்தவனுக்கு அதற்கும் மேலே. வழக்குப் போட்டார்கள். வெள்ளியங்கிரி கூண்டில் ஏறி நின்று சொன்னார்: "கேட்டால் சொல்லப் போகிறோம். கேட்காதவர் மேல்தானே தப்பு?" கூசாத குரலில் யார் விலை கேட்டாலும் கருவி உடனே கடை விலைக்கு இறங்கிவிடும், அந்த வழியை அவர் வேண்டுமென்றேதான் வைத்திருந்தார். கோர்ட்டும் அதை நியாயம் என்றது. அந்தக் காசில் வீடு கட்டினார், மகளைப் படிக்கவைத்தார், நிம்மதியாகத் தூங்கினார்.

நந்தனின் அப்பா சிவமலை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாமுங்க. உங்க பொண்ணுக்கு நீங்க பார்த்துச் செய்யறதுதானுங்க."

விலை போடாத அட்டைதான் இதுவும். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டுத் தோட்டத்தை விற்றவர்களை வெள்ளியங்கிரிக்குத் தெரியும். "ஆகட்டுங்க" என்றார்.

"எங்க பங்காளிக வீட்டுல எல்லாம் மருமக வந்தன்னிக்கு வாசல்ல காரு நின்னுச்சுங்க. சும்மா சொல்றேன்." சொல்லிவிட்டுச் சிவமலை தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளியங்கிரியும் பார்த்தார். கைக்கடிகாரம் இல்லை, பட்டையாக ஒரு திரை. அதில் ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டின் வளைவு வெள்ளியங்கிரி தன் கையால் போட்ட கணக்கு. ஏறிக்கொண்டிருந்தது அவருடைய கூச்சம்தான்.

"மேசை நீங்க பதிவு பண்ணுனதுங்களா?"

"ஆமாங்க. சம்பந்த மேசைன்னு தனியா வெச்சிருக்காங்க. கொஞ்சம் கூடுதலா வாங்கறாங்க. ஆனா பேச்சு சுளுவா முடிஞ்சுருதுங்க." சிவமலை கள்ளமில்லாமல் சிரித்தார். இந்தக் கருவியைச் செய்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. "நந்தன் தம்பிக்கும் தனியா ஒரு தொழில் வெச்சுக் குடுக்கோணும்னு ஒரு நெனப்புங்க."

கோடு இன்னும் ஏறியது. "ஆகட்டுங்க" என்றது வெள்ளியங்கிரியின் வாய். நந்தன் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். தாரகை நிமிரவில்லை. இன்னும் இரண்டு 'ஆகட்டுங்க' சொன்னால் வீடு போய்விடும் என்று அவருக்குப் புரிந்தது. ஊரையே கூச வைத்துக் காசு பார்த்தவனை எவனோ ஒருவன் கலர் வாங்கிக் கொடுக்க வைத்து உரிக்கிறான். ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் கூச்சம் ஓடிவிட்டது.

"சரிங்க" என்றார் நிதானமாக. "மொத்தம் எவ்வளவுங்க? பவுன் எத்தனை, ரொக்கம் எவ்வளவு, எல்லாம் சொல்லிருங்க."

சிவப்புக் கோடு சரிந்து விழுந்தது. சிவமலைக்கும் அது ஒருவிதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது போல, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நூறு பவுன் என்றார். வெள்ளியங்கிரி நாற்பதில் ஆரம்பித்தார். இருவரும் கேட்டார்கள், மறுத்தார்கள், சிரித்தார்கள். அறுபதில் நின்றது. கார் கிடையாது. தொழில் பேச்சு தானாகவே மறைந்தது. போகிற போக்கில் கலர் விலையையும் சத்தமாகக் கேட்டுக் கடை விலைதான் கொடுத்தார். தன் கருவியை முதல்முறையாகத் தானே ஜெயித்த சந்தோஷத்தில், மாப்பிள்ளை தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

காரில் ஏறியதும் அவரால் அடக்க முடியவில்லை. "பார்த்தியா கண்ணு. நூறுன்னு ஆரம்பிச்ச மனுஷன். அறுபதுல நிறுத்திட்டேன்."

தாரகை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். "நந்தன் ஒரு வார்த்தை பேசுனாருங்களாப்பா?"

"பெரியவங்க பேசறப்ப அவரு என்னத்தப் பேசுவாரு?"

"பேசுவாருன்னு நெனச்சேன். பேசல. சரி, நீங்க பேசுவீங்கன்னு நெனச்சேன்."

"நான்தானே கண்ணு பேசுனேன்."

"எவ்வளவுன்னு கேட்டீங்க. வேண்டாம்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்."

வெள்ளியங்கிரி சாவியைத் திருப்பப் போன கையை எடுத்துவிட்டார். கேட்கிறவன், கேட்காதவன் என்று இரண்டு பேரைத்தான் அவர் கணக்கில் வைத்திருந்தார். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறவனுக்கு அவருடைய கருவியில் அளவு கிடையாது. அப்படி ஒருத்தன் வருவான் என்று அவர் யோசித்ததே இல்லை.

"மொதல்ல ரொம்பக் கூச்சமா இருந்துச்சுங்கப்பா" என்றாள் தாரகை. "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசி முடிச்சீங்க பாருங்க, அப்ப அதுவும் போயிருச்சு."

அவள் கதவைத் திறந்தாள்.

"எங்க கண்ணு போற?"

"உள்ள. அவங்க இன்னும் கிளம்பல. நந்தன்கிட்ட இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

மூன்று வருஷம் இவள் காத்திருந்தது அவர் கண்ணெதிரே நின்றது. பதறிப் போனார். எப்படியாவது தடுக்க வேண்டும், தாயில்லாத பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதே கண்ணு. கேட்டா இன்னும் அஞ்சு பவுன் குறைப்பாங்க. நான் வேணா கேட்டுப் பார்க்கட்டுமா?"

தாரகை கையை மெல்ல விடுவித்துக்கொண்டு இறங்கினாள்.