தணிகாசலத்தின் வெளிச்செல் அனுமதி

செவ்வாய் கிரகக் குடியிருப்பை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் முதலில் மனைவியின் கைரேகை வேண்டும். வீட்டுக்கு ஒதுக்கும் காற்று இருவருக்கும் பொது. ஒருவர் வெளியே போய்க் கூடுதலாக மூச்சுவிட்டால், மற்றவர் அன்று முழுவதும் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். தணிகாசலத்தின் மனைவி பூங்காவனம் ஆறு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் இப்படிப் படுத்துக் கிடந்தாள்.

"போட்டோதானே எடுக்கப் போறீங்க, மலையைத் தூக்கிட்டு வரப் போறதில்லையே. கம்மியா மூச்சு விடுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் ரேகை வைப்பாள்.

தணிகாசலம் தொழிலால் கழிவுநீர்க் குழாய் பழுதுபார்ப்பவர். நிலக்காட்சிப் படக்கலையை யாரிடமும் கற்கவில்லை. தம்முடைய முதல் நாலாயிரம் படங்களைப் பார்த்தாலே அது தெரியும் என்று அவரே சொல்வார். முதல் படத்தில் விழுந்தது அவருடைய கையுறைக் கட்டைவிரல். அதைப் பாறை என்று அரைநாள் நம்பி, தலைப்பும் வைத்திருந்தார். பிறகு எப்படியோ கை பழகியது. நீல அந்தியில் அவர் எடுத்த ஒரு பள்ளத்தாக்கு பொது உணவுக்கூடச் சுவரில் ஏறியது. அவருக்குத் தலைக்கனமும் ஏறியது. மாதம் ஒருமுறை அங்கே உரையாற்றத் தொடங்கினார்.

"வெளிச்சம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வந்ததும் நாம காணாமப் போயிடணும். காட்சி மட்டும்தான் இருக்கணும்."

கேட்க வருபவர்கள் பதினைந்து பேர். உரையோடு கொடுக்கும் பாசி வடை தீர்ந்துபோன மாதம் நான்கு பேர்.

இந்த வருடம் காற்றுத் தட்டுப்பாடு. வெளிச்செல் அனுமதிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருந்தார்கள். தம்முடையதும் போனால் மிச்ச ஆயுளும் குழாயோடுதான் என்று அவர் பயந்தார். அனுமதி அலுவலர் சகாயமேரியிடம் போய் ஒரு மணி நேரம் வாதாடினார்.

"அங்க இருக்கற அழகைப் பாக்க ஒருத்தனாவது வேணும் மேடம். கேமரா வெறும் சாக்கு. பாக்கறதுதான் கலை."

சகாயமேரி உருகித்தான் போனார். ஆனாலும் விதிப்படி, தணிகாசலத்தின் விழிச்சில்லுப் பதிவைத் திரையில் எடுத்தார். விழிச்சில்லு பிறந்ததுமே எல்லோருக்கும் கண்ணுக்குள் வைப்பது. கண் எதை, எவ்வளவு நேரம் பார்த்தது என்பதைப் பதிந்துகொண்டே இருக்கும்.

"ஆறு வருஷத்துல ஆயிரத்து இருநூறு மணி நேரம் வெளிய இருந்திருக்கீங்க சார். கேமராத் திரையைப் பாத்ததுதான் முக்கால்வாசிக்கும் மேல. மிச்சம், கால் தடுக்காம இருக்கத் தரையைப் பாத்தது. காட்சியை நேராப் பாத்தது பதினோரு நிமிஷம்."

"சில்லு தப்பாப் பதிஞ்சிருக்கும் மேடம்."

"அதுலயும் நாலு நிமிஷம், பேட்டரி மாத்தறப்போ."

தணிகாசலத்துக்குக் காது சூடேறியது. உணவுக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாம் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. வடைக்காக மட்டும் வந்தவர்கள்மேல் முதன்முறையாக அவருக்கு மரியாதை பிறந்தது.

சகாயமேரி நல்ல மனுஷி. "நீங்க சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு சார். அஞ்சு வருஷத்துக்கு அனுமதி தரேன். வாராவாரம் நாலு மணி நேரம் போய் ஆசைதீரப் பாருங்க. கேமராவை மட்டும் இங்க வச்சிடுங்க. பாரம் இல்லன்னா மூச்சும் அவ்வளவு வாங்காது. உங்க வீட்டம்மாவும் கொஞ்சம் எழுந்து நடமாடலாம்."

கேட்டதற்கும் மேலாகவே கிடைத்துவிட்டது. ரேகை வைக்க நீட்டிய அவருடைய விரல் பாதியில் நின்றது. நீல அந்தி, பள்ளத்தாக்கு, எதிரே தாம் மட்டும், இரண்டு கையும் சும்மா. நினைத்துப் பார்த்தார்.

"நாலு மணி நேரம் மேடம்," என்றார் தயங்கி. "கேமரா இல்லாம அங்க போய் நான் என்ன பண்றது?"

கேட்டு முடித்த பிறகுதான், பேசியது தாம்தான் என்று அவருக்கு உறைத்தது.