யோசெப்பினின் கண்ணில் ஒரு புள்ளி

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடிக்குக் கண் டொக்டர் ரூபிகா மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் ஒரு தலையணை உறை; அதற்குள் சட்டம் போட்ட படம்.

“அங்கிள், ஒரு படம் ஒண்டு சொல்லுது, ஒரு மனுசன் வேற சொல்லுறார். எது பொய் எண்டு நீங்கதான் சொல்லவேணும்.”

சிவபாலன் துறைமுகச் சுங்கத்தில் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தே ஓய்வு பெற்றவர். ரூபிகாவின் அப்பாவுக்குக் கூட்டாளி. அவசரப்படத் தெரியாத மனிதர். அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ, கீழே அவசரக்காரன் ஜெனிஸ்டன் போன் திருத்தும் கடை வைத்திருந்தான். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

ரூபிகா படத்தை மேசையில் வைத்தாள். தலையும் தோளும் தெரியும் கறுப்பு வெள்ளைப் படம். வெளிர் நிறப் பூனைக்கண்களோடு ஓர் இளம்பெண்.

“இவ யோசெப்பின், என்ர நோயாளி. கொட்டாஞ்சேனை. கலியாணம் பேசேக்க எடுத்த படமாம். இப்ப இடது கண்ணின்ர கருவிழியில ஒரு கறுத்தப் புள்ளி.” அவள் தன் போனில் இன்றைய முகத்தைக் காட்டினாள். நெற்றியில் அம்மைத் தழும்பு. இடது கருவிழியின் கீழ்ப்பக்கம் புள்ளி. “மெலனோமா எண்டு ஒரு புற்றுநோய் கண்ணிலயும் வரும். எங்கட ஆக்களுக்கு அரிது, வெளிர் கண்காரருக்குத்தான் கூட. சும்மா கிடக்கிற புள்ளி எப்ப கெட்டதா மாறுது எண்டதுதான் என்ர ஆராய்ச்சி. அதுக்குத்தான் பழைய படம் கேட்கிறனான்.”

“படத்தில புள்ளி இல்லையே,” என்றான் ஜெனிஸ்டன்.

“அதுதான் சிக்கல். இல்லாத புள்ளி வந்ததெண்டால் சிகிச்சை செய்யவேணும். சின்னக் கதிர்வீச்சுத் தகடு ஒண்டைக் கண்ணோட தைச்சு, சில நாளில எடுக்கிறது. ஆனா புருசன் செபஸ்தியன், பொம்பிளை பார்க்கப் போன அண்டைக்கே புள்ளியைக் கண்டவராம். மாறாமல் இருக்கிற புள்ளிக்குத் தகடு வச்சால் நல்ல கண்ணைக் கெடுத்த பாவம் எனக்கு. கெட்ட புள்ளியை விட்டால் ஈரலுக்குப் போய் உயிரையே எடுக்கும்.”

“இதில என்ன மர்மம்? இது தங்கச்சியின்ர படம்!” என்றான் ஜெனிஸ்டன். “நெற்றியில தழும்பும் இல்லைப் பாருங்கோ.”

“யோசெப்பினுக்குத் தங்கச்சி இல்லை,” என்றாள் ரூபிகா. ஜெனிஸ்டனின் முகம் சுருங்கிப் போனது.

சட்டத்தின் கண்ணாடி எப்போதோ உடைந்திருந்தது. சிவபாலன் படத்தை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். தாள் முழுக்க மினுங்கியது. நெற்றியில் ஓரிடத்திலும் இடது கண்ணில் ஓரிடத்திலும் மட்டும் மினுக்கம் இல்லை. பிறகு சட்டத்தைத் திருப்பினார். பின்னட்டை வெளியே புடைத்துக்கொண்டு நின்றது.

“கொட்டாஞ்சேனைத் துறைமுகக் காத்து. ஈரம் குடிச்சிருக்கு,” என்றான் ஜெனிஸ்டன்.

“ஈரம் குடிச்சால் அட்டை நெளியும் தம்பி. இது நெளியேல்லை, உள்ளுக்கிருந்து என்னவோ தள்ளுது.” சிவபாலன் எழுந்து சேர்ட்டை மாட்டினார். “சொந்தக்காரரைக் கேளாமல் திறக்கிறது சரியில்லை. ஓட்டோ ஒண்டு பிடி.”

கொட்டாஞ்சேனை வீட்டில் செபஸ்தியன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “நான் பொய்யன் எண்டு சொல்லவோ எல்லாரும் வந்தனீங்க?”

“இல்லை. நீங்க முதல்ல கண்டது படத்தையோ ஆளையோ?” என்று கேட்டார் சிவபாலன்.

“படத்தைத்தான். தரகர் கொண்டு வந்தவர். நேரில பார்த்தால் கண்ணில ஒரு புள்ளி! அதைப் பார்த்துத்தான் ஓம் எண்டனான்.” கோபத்திலும் அவருக்கு வெட்கம் வந்தது.

“தங்கச்சி, நெற்றித் தழும்பு எப்ப வந்தது?” என்று உள்ளே நின்ற யோசெப்பினிடம் கேட்டார் சிவபாலன்.

“பள்ளிக்கூடம் போகேக்க வந்த அம்மை,” என்றாள் யோசெப்பின். “படத்தில பவுடர் மறைச்சுப்போட்டுது எண்டுதான் நான் நினைச்சனான். புள்ளியை அந்த நாளில நான் கண்ணாடியில கவனிச்சதில்லை. இவர்தான் சொல்லுவார்.”

சிவபாலன் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்.

“பவுடருக்குத் தழும்பு மறையலாம். கண்ணுக்குள்ள ஆரும் பவுடர் பூசுறதில்லை. ரெண்டு இடத்திலயும் தாளின்ர மினுக்கம் போயிருக்கு. பிளேட்டால சுரண்டி, மேல தூரிகை வச்சிருக்கினம். தரகரிட்டக் குடுக்கிற படத்தில குறை தெரியக்கூடாதெண்டு ஸ்டூடியோவில ‘டச்சப்’ செய்விக்கிறது அந்தக் காலத்து வழக்கம். ஆர் சொல்லிச் செய்தது?”

“அம்மாவாத்தான் இருக்கும்,” என்றாள் யோசெப்பின். “முதல் படம் சரிவரேல்லை எண்டு ஸ்டூடியோவில இன்னொண்டு கேட்டு வாங்கினவ.”

“அம்மா பொருளை எறியிற ஆளோ?”

“ஐயோ, பாண் சுத்தின கடதாசியையும் மடிச்சு வைப்பா!”

“அப்ப திறக்கலாம்.”

ஜெனிஸ்டன் தன் சின்னத் திருகாணிச் சாவியால் ஆணிகளைக் கிளப்பினான். படம் இறுக்கமாக நிற்பதற்கு அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் இன்னொரு தாள் செருகியிருந்தது. அதே பெண், அதே பார்வை. நெற்றியில் தழும்பு. இடது கண்ணில் புள்ளி.

“பார்த்தீங்களோ!” செபஸ்தியன் மேசையில் அடித்தார். “அண்டைக்கே இருந்தது! தகடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!”

ரூபிகா போனில் இருந்த கண்ணைப் பெரிதாக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செபஸ்தியனிடம் நீட்டினாள். “ஐயா, வளர்ந்த ஆளுக்குக் கருவிழி பெருசாகாது. புள்ளியைக் கருவிழியோட ஒப்பிட்டுப் பாருங்கோ.”

செபஸ்தியன் குனிந்தார். படத்தில் கருவிழியின் கீழ் ஓரத்தில் ஊசிமுனையளவு. போனில் அதே இடத்தில் கருவிழியின் கால்வாசியை மூடி, ஓரம் கலைந்து படர்ந்திருந்தது. அவர் உருப்பெருக்கியை மெல்ல மேசையில் வைத்தார்.

“நான் ஒவ்வொரு நாளும் பார்த்தனானே...”

“அதாலதான் தெரியேல்லை,” என்றார் சிவபாலன் மெதுவாக. “படம் பொய் சொன்னது. நீங்க உண்மைதான் சொன்னீங்க. ஆனா ஒவ்வொரு நாளும் பார்க்கிறவருக்கு வளருறது தெரியாது.”

யோசெப்பின் படத்திலும் போனிலும் இருந்த தன் கண்ணை மாறி மாறிப் பார்த்தாள். பயந்திருந்தாள், ஆனாலும் அவள்தான் முதலில் பேசினாள். “டொக்டர், தகடு வச்சால் கண் மிஞ்சுமோ?”

“மிஞ்சும் எண்டுதான் நம்புறன், அன்ரி. கண்ணுக்குள்ள இன்னும் ஆழமாப் போகேல்லை. பிந்தக்கூடாது.”

“அப்ப நாளைக்கே வாறன்.”

ஜெனிஸ்டன் படங்களைப் பழையபடி சட்டத்துக்குள் அடுக்கப் போனான். செபஸ்தியன் அவன் கையைப் பிடித்தார்.

“தம்பி, புள்ளி இருக்கிறதை முன்னுக்குப் போடு,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் கட்டினது இவவைத்தான்.”